தண்ணீரில் வெடித்த கொடுவாள்: எட்டு மாதக் கொல்லுவேலைக் கணக்கு

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் பட்டதுபோல ‘டிங்’ என்று ஒன்று, அவ்வளவுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்த கொடுவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் வாளியில் முக்கிய மறுநொடி அது கேட்டது. வெளியே எடுத்துத் துடைத்தால் வெட்டுகிற வாய்ப்பக்கத்திலிருந்து முதுகை நோக்கி இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு, தலைமுடி ஒட்டியிருக்கிற மாதிரி. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முடி இல்லை, விரிசல்.

இந்தக் கொடுவாள் ஏன் வெடித்தது, அடுத்தது ஏன் வெடிக்கவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொல்லுவேலை கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது என்ன சுத்தி வாங்கலாம், காய்ச்சின இரும்பை வைத்து அடிக்கிற இரும்பு மேடையான பட்டறைக் கல்லுக்கு எங்கே போகலாம் என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன், அதற்குத்தான் பணத்தையும் கொட்டினேன். ஆனால் என் கொடுவாளை உடைத்தது சுத்தியும் இல்லை, பட்டறைக் கல்லும் இல்லை.

எனக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் மாமரம், இரண்டு புளியமரம், இரண்டு மாடு. அப்பாவின் கொடுவாள் தேய்ந்து தேய்ந்து கத்தி அகலத்துக்கு வந்துவிட்டது, அதைக் காய்ச்சி அடித்துத் தர ஆள் தேடினபோது பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இன்னும் உலை மூட்டுகிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போதே முடிவு செய்துவிட்டேன், நாமும் ஒரு உலை போடுவது என்று. அந்த அரை மணி நேரத்தில் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாதச் செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 20 கிலோ வார்ப்பிரும்புப் பட்டறைக் கல் 5,800 ரூபாய். இரண்டு கிலோ சுத்தி 650. சின்ன மின்சார ப்ளோயர் 1,400. குறடு இரண்டு 900. உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம் 500. மொத்தம் 9,250, கரி தனி. இதில் இன்றைக்கும் நான் பயன்படுத்துவது ப்ளோயரும் பிரேக் டிரம்மும் ஒரு குறடும்தான்.

பட்டறைக் கல் பார்க்க அம்சமாக இருந்தது, கொம்பு, ஓட்டை எல்லாம் முறையாக. முதல் வாரமே ஓரத்தில் சுத்தி தவறிப் பட்டு ஒரு சில்லு பெயர்ந்தது. வார்ப்பிரும்பு அப்படித்தான், அடி தாங்காது, ஓரம் உதிரும். ஒரு பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் போட்டுப் பாருங்கள், நல்ல எஃகுக் கல் என்றால் முக்கால் சாணாவது துள்ளும், என்னுடையதில் கால் சாண்கூட எழவில்லை. நீங்கள் அடிக்கிற அடியில் ஒரு பங்கை அந்தக் கல்லே தின்றுவிடுகிறது என்று அர்த்தம், சாயங்காலம் தோள் வலிக்கும்போது அது புரியும்.

தண்டவாளத் துண்டு வாங்கிப் போடு என்று பலரும் சொன்னார்கள். நல்ல யோசனைதான், அதைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தினால் அடிக்கிற இடத்துக்கு நேர்கீழே முழு எடையும் நிற்கும், இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் காயலான் கடையில் கிடைக்கிற தண்டவாளத்துக்கு ரசீது கேட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருந்தால் வழக்குப் போட 1966-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஒரு கொடுவாளுக்காக அந்த வம்பு எதற்கு? ஓசூர் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, அங்கே தடித்த உருளையை அறுத்தால் மிச்சத் துண்டு விழும். ஈ.என்.8 என்கிற எஃகு ரகத்தில் ஒரு உருளை, 150 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரம், எடை 28 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கிலோ 90 ரூபாய் என்று 2,500-க்கு முடித்தேன், ரசீதோடு. வீட்டில் விழுந்து கிடந்த புளியங்கட்டையில் குழி பறித்து அதை இறக்கினேன். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையைச் சும்மா வைத்திருக்கவில்லை, எத்தனை அடித்தாலும் பிளக்காது. நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய முஷ்டி தொடுகிற உயரம் சரியான உயரம். கொம்பு இல்லை, ஓட்டை இல்லை, அழகும் இல்லை. முதல் அடியிலேயே வித்தியாசம் தெரிந்தது.

சுத்தி விஷயத்திலும் அதே அவசரம். கனமாக இருந்தால் சீக்கிரம் வேலை ஆகும் என்று நினைத்தேன், இருபது நிமிடத்தில் முழங்கை போனது. கை சோர்ந்தால் சுத்தி சாய்ந்து விழுகிறது, இரும்பில் பிறைபிறையாகத் தழும்பு, அதைச் சரிசெய்ய இன்னும் பத்து அடி. இப்போது வைத்திருப்பது ஒரு கிலோவுக்கும் குறைவான சாதாரண உருண்டைத்தலைச் சுத்தி, முகத்தின் ஓரங்களை கிரைண்டரில் லேசாக மழுக்கிவிட்டேன். குறடு ஆரம்பத்தில் தேவையே இல்லை என்றுகூடச் சொல்வேன். இரண்டடி நீளக் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நுனியில் வேலை செய்து, கடைசியில் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். குறடு வாங்கினால் நீங்கள் பிடிக்கப்போகிற கனத்துக்கு வாய் பொருந்துகிறதா பார்த்து வாங்குங்கள். என்னுடைய இரண்டாவது குறட்டிலிருந்து ஒரு சிவந்த துண்டு நழுவிப் பறந்து மாட்டுக்கொட்டகை வாசலில் போய் விழுந்தது. மாடுகள் அன்றைக்கு மேய்ச்சலில் இருந்தன, தப்பித்தேன்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ப்ளோயரிலிருந்து உலைக்குக் காற்று போக வீட்டில் கிடந்த ஜி.ஐ. பைப்பைப் போட்டேன். நெருப்புக்கு அருகில் இருந்த முனையிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, கரி ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, வாயில் பைசாவைச் சப்பின ருசி. அது ஜி.ஐ. பைப்பின் மேலிருந்த துத்தநாகப் பூச்சு எரிந்த புகை. ஒரு நாளில் விட்டுவிட்டது, ஆனால் அதை லேசாக எடுக்காதீர்கள். பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண மெத்தென்ற இரும்பு) பைப் போடுங்கள், பூச்சு போட்ட எந்த இரும்பையும் உலையில் வைக்காதீர்கள். பருத்தித் துணி, கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர். இதைச் சொல்லாமலே செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

கரி வேலிக்காத்தான் கரி. எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிட்டுப் போட வேண்டும், தூள் காற்றை அடைக்கும். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள் அல்லவா, அதை உலை மூட்டும்போதெல்லாம் அண்ணனிடம் பெருமையாகச் சொல்வேன். நாலாயிரம் வருஷமாக ஊதறோம், உன் கரி இன்னும் பத்தலையே என்பான்.

அப்புறம் இரும்பு. முதல் இரண்டு மாதம் 12 மி.மீ. எம்.எஸ். சதுரக் கம்பியில் கொக்கி, ஆணி, சட்டி இடுக்கி என்று செய்தேன், அதில் எந்தத் தப்பும் இல்லை. வீடு கட்டினதில் மிச்சமான டி.எம்.டி. கம்பியில் பழகலாமே என்று தோன்றும். அதன் மேல்தோலை ஆலையிலேயே தண்ணீரில் குளிரவைத்துக் கடினமாக்கியிருப்பார்கள், உள்ளே மெத்தென்று இருக்கும், மேலே இருக்கிற வரிகள் அடிக்கும்போது மடிந்து உள்ளே போய் ஒட்டாமல் நிற்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு அது தேவையில்லாத குழப்பம்.

எம்.எஸ்.ஸில் கார்பன் குறைவு, எவ்வளவு காய்ச்சி எதில் முக்கினாலும் வெட்டுகிற வாய் வராது. கொடுவாளுக்கு லாரி பட்டைதான், அதாவது லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைதான் என்று ஊரே சொல்லும், அது சரியும்கூட. கிருஷ்ணகிரியில் 44-வது, 48-வது தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டும் சேருகின்றன, லாரிக்கும் லாரி பட்டறைக்கும் குறைவே இல்லை. காயலான் கடையில் கிலோ 60 ரூபாய் என்று ஒரு பழைய பட்டையை எடுத்தேன். 14 மி.மீ. கனம். ஒற்றை ஆளாக அதை 6 மி.மீ. கனத்துக்கு இறக்குவது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பெரியவருக்குச் சம்மட்டி அடிக்க மகன் இருக்கிறான், எனக்கு யார் இருக்கிறார்கள்? மூன்று ஞாயிறு போனது அதில்தான். கைவலியில் இரும்பு ஆறிச் சிவப்புப் போனபிறகும் இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று அடித்தேன். அதுவும் பிறகு குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது.

சித்திரை மாதம், காலை பதினொரு மணி, தகரக் கூரைக்கு வெளியே நல்ல வெயிலில் தோய்ச்சல் போட்டேன், அதாவது இரும்பு கடினமாக அதைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தேன். பெரியவர் தண்ணீரில் போட்டதைப் பார்த்திருந்தேன், நானும் தண்ணீரில் போட்டேன். டிங்.

விரிசல் விட்டதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, கம்பெனியில் ஒரு பார்ட் உடைந்தால் ஏன் என்று கேட்காமல் விட மாட்டார்கள், அந்தப் பழக்கம். வைஸில் இறுக்கி, ஈரச் சாக்கைச் சுற்றி, பைப்பை மாட்டி நெம்பினேன். பட்டென்று இரண்டாகப் போனது. உடைந்த முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. பெரும்பகுதி வெளிர்சாம்பல், வெயிலில் பிடித்தால் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுமினுவென்று பொரிபொரியாக. வாய்க்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் கறுப்பு.

கறுப்பு என்றால் அந்த இடம் இரும்பு சூடாக இருக்கும்போதே திறந்துகொண்டு காற்றுப் பட்டுக் கருகியிருக்கிறது. அதாவது தண்ணீரில் முக்குவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்தது. பட்டையிலேயே இருந்ததா, ஆறின இரும்பை நான் பிடிவாதமாக அடித்ததில் வந்ததா என்பதை அந்தக் கறுப்பு சொல்லாது. மிச்சமிருந்த பட்டைத் துண்டைச் சுத்தமாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது, டீசலைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவினேன். நடுப்போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் ஈரமாக எழுந்து வந்தன. பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த பட்டை, களைத்துப்போய் விரிந்திருக்கிறது. என் கொடுவாளின் வாயும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். ஆக, சந்தேகம் முக்கால்வாசி பட்டைமேல், கால்வாசி என்மேல்.

ஆனால் அந்தச் சர்க்கரைப் பொரி முழுக்க முழுக்க என் தப்பு, சூடு மிஞ்சினால்தான் பொரி அப்படிப் பருத்து இரும்பு எளிதில் உடையும். அதை உறுதிசெய்யக் கோடு இல்லாத பக்கத்திலிருந்து விரல் நீளத் துண்டுகள் நான்கு வெட்டி, மெல்லிசாகத் தட்டி எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். இரும்பு சுமார் 770 டிகிரி தாண்டினால் காந்தம் ஒட்டாது, தோய்ச்சலுக்கான சூடு அதற்குச் சற்று மேலே இருக்கிறது. முதல் துண்டைக் காந்தம் விட்டபிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் போட்டேன். இரண்டாவதை, அன்றைக்கு வெயிலில் எந்த நிறத்துக்குக் காய்ச்சினேனோ அந்த நிறம் வரும்வரை காய்ச்சி எண்ணெயில். மூன்றாவது முதல் துண்டின் சூட்டிலேயே, ஆனால் தண்ணீரில். நான்காவதைக் காந்தம் விடும்வரை காய்ச்சிச் சும்மா காற்றில் ஆறவைத்து, அப்படி மூன்று தடவை செய்துவிட்டு, பிறகு எண்ணெயில்.

உடைத்துப் பார்த்தால் இரண்டாவது துண்டு அதே சர்க்கரை. முதலாவது உடைந்த பீங்கான் மாதிரி, நான்காவது அதைவிட மெல்லிசாகப் பட்டுத்துணி மாதிரி சாம்பல் நிறம். மூன்றாவதில் பொரி இல்லை, ஆனால் டீசலும் சாக்பீஸும் அதில் ஒரு கோட்டைக் காட்டின. பட்டை எஃகு பெரும்பாலும் எண்ணெயில் குளிர்விப்பதற்கென்றே செய்த ஜாதி, தண்ணீரின் வேகத்தை அது தாங்குவதில்லை.

வெயிலில் எப்படி அவ்வளவு சூடாக்கினேன்? வெயிலில் சிவப்பு தெரியாது. இருட்டில் பளிச்சென்று தெரிகிற சிவப்பு பதினொரு மணி வெயிலில் வெறும் கறுப்பு இரும்பாகத் தெரியும். நமக்குச் சிவப்பாகத் தெரியும்வரை காய்ச்சினால் அது எங்கேயோ போய்விட்டிருக்கும்.

உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், தாழ்ந்த கூரை, ஜன்னல் கிடையாது, உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிடம் ஆகிறது. முதல் தடவை வந்தபோது பாவம், வசதி இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை உலையில் இருந்த அரிவாளின் நிறம் அந்த இருட்டில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

“ஐயா, நீங்களும் தண்ணியிலதானே முக்கறீங்க? எனக்கு மட்டும் வெடிச்சிருச்சே.”

“நான் எங்க கண்ணு முக்கினேன்? வாயைத் தண்ணிக்குக் காட்டினேன்.”

அப்புறம் செய்து காட்டினார். அரிவாளைக் காய்ச்சி எடுத்து, வாயை மட்டும், அரை விரல் ஆழத்துக்கு, தண்ணீரில் இழுத்துக்கொண்டே போனார், நிறுத்தவே இல்லை. முதுகு சிவப்பாகவே இருந்தது. சட்டென வெளியே எடுத்து, மணலில் வாயை ஒரு தேய் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதுகிலிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்கி வந்தது, பளபளப்பில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா எட்டிப்பார்க்கும்போது மறுபடி தண்ணீர். கடினமாக்குவதும், அந்தக் கடினத்தை உடையாத அளவுக்குத் தணிப்பதும் ஒரே காய்ச்சலில் முடிந்துவிட்டது. முதல் நாள் இதையேதான் செய்தார், நான் பக்கத்தில்தான் நின்றேன், தண்ணீர் வாளி மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

அவர் கை எனக்கு வராது. வாயை மட்டும் காட்டுகிற வித்தைக்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டுமோ, எனக்கு ஞாயிறு மட்டும்தான். அதனால் இரண்டாவது கொடுவாளுக்கு எனக்கு ஏற்ற வழியைப் பிடித்தேன்.

இரும்பைக் காயலான் கடையில் வாங்கவில்லை. நெடுஞ்சாலையோரம் பட்டை போடுகிற கடையில், மினி லாரிக்கான புதுப் பட்டையை அளவுக்கு வெட்டும்போது விழுந்த துண்டு, 8 மி.மீ. கனம், ஒன்றரைக் கிலோவுக்கு 180 ரூபாய். ஈ.என்.45 என்றார் கடைக்காரர். சிலிக்கனும் மாங்கனீசும் சேர்த்த ஸ்பிரிங் எஃகு, கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே. பழைய பட்டையைவிட விலை இரண்டு மடங்கு. மூன்று ஞாயிறு கூலியைக் கணக்குப் போட்டால் பழையதுதான் விலை அதிகம். ஒரு நுனியை வெட்டி எண்ணெயில் போட்டு உடைத்துப் பார்த்துவிட்டு, பொரி சரியாக வந்த பிறகே அடிக்க ஆரம்பித்தேன்.

8 மி.மீ. என்பதால் அடித்து முடிக்க ஒன்றரை நாள்தான். சிவப்பு மங்கினால் உடனே உலைக்குள், ஒரு அடிகூட அதிகமாக அடிக்கவில்லை. வாயைக் கூர்மையாக்காமல் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவைத்தேன், மெல்லிசாக இருந்தால் தோய்ச்சலில் கோணும். ஆடி மாதம், சாயங்காலம் ஏழு மணிக்குமேல் விளக்கை அணைத்துவிட்டு வேலை. மூன்று தடவை காய்ச்சிக் காற்றில் ஆறவைத்தேன். எண்ணெய்க்குப் பைப் துண்டுக்கு அடி வைத்து வெல்டு செய்த உயரமான இரும்புக் குவளை, உள்ளே பாமாயில். ரேஷனில் வாங்கினதா என்று அம்மா கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. பழைய இன்ஜின் ஆயில் போடலாம் என்பார்கள், அந்தப் புகையை மூச்சில் வாங்க எனக்கு இஷ்டமில்லை, ஜி.ஐ. பைப் பாடம் போதும். எண்ணெய் ஜில்லென்று இருந்தால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு சீராகக் குளிர்விக்காது, ஒரு சூடான இரும்புத் துண்டை உள்ளே விட்டு, வெளியிலிருந்து குவளையைத் தொட்டால் குளிக்கிற வெந்நீரைவிடச் சற்று அதிகமாகச் சுடுகிற பதத்துக்குக் கொண்டுவந்தேன். மூடி பக்கத்தில் தயாராக இருந்தது, தீப்பிடித்தால் மூடத்தான், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

காந்தம் விட்டது, இன்னும் கொஞ்சம் காய்ச்சினேன், செங்குத்தாக உள்ளே இறக்கினேன். குப்பென்று ஒரு தீ எழுந்து அடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் இல்லை. ஆறியபிறகு அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது. அப்படியே விட்டால் ஒரு கிளையில் அடித்ததும் உடையும். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, ஒரு தடித்த இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி அதன்மேல் கொடுவாளின் முதுகை வைத்து, நகர்த்தி நகர்த்தி, தேய்த்துப் பளபளப்பாக்கின வாயில் நிறம் ஏறுவதைப் பார்த்தேன். வாயில் பழுப்பும் ஊதாவும் கலந்து வந்தபோது, முதுகு நீலம் தாண்டியிருந்தது, எடுத்துவிட்டேன். அதையே இரண்டு தடவை.

மாங்காய் முடிந்து கிளை கழிக்கிற நேரம். இரண்டு வாரம் அண்ணன்தான் வைத்து வெட்டினான். கணுவில் அடித்த ஒரு இடத்தில் வாய் கொஞ்சம் மடங்கியது, உடையவில்லை, சாணை பிடித்ததில் சரியாகிவிட்டது. அடுத்ததை ஊதா வருமுன்பே எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவரிடம் காட்டினேன். வாயைப் பார்க்கக்கூட இல்லை, முதலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிக் கேட்டார். பிறகு பிடியைக் கையில் வாங்கி இரண்டு தடவை வீசிப் பார்த்தார்.

“இரும்பு சரியாத்தான் இருக்கு கண்ணு. பிடி யார் போட்டது?”

“நான்தான் ஐயா.”

“கழட்டிட்டு வா ஞாயித்துக்கிழமை.”